மீன் இருப்பு மீளாய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மீன் இருப்பு, அதாவது கடலில் எவ்வளவு மீன் இருக்கிறது என்பதை மதிப்பிடும் அறிக்கைகளை மீளாய்வு செய்யப் பழகும் பிள்ளைகளின் குறிப்புகள் ஆண்டுதோறும் என்னிடம் வருகின்றன. எங்கள் தலைமுறை விட்ட அதே பிழைகள் அவற்றில் திரும்பவும் இருக்கின்றன. கிலோவும் தொன்னும் மாறிப்போவது, விஞ்ஞானப் பெயரில் எழுத்துப் பிழை எல்லாம் யார் கண்ணிலும் படும், அவற்றை விட்டுவிடுகிறேன். கண்ணில் படாமலே முழு அறிக்கையையும் கெடுக்கிற சிலவற்றைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

பிடிப்பு குறையவில்லை, ஆகவே இருப்பும் குறையவில்லை

இதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். ஒரு வள்ளம் ஒரு நாளில் கொண்டுவரும் மீனின் எடையை ஆண்டுவாரியாகப் போடுவார்கள். கோடு ஏறக்குறைய மட்டமாகப் போகும். உடனே "இருப்பு நிலையாக உள்ளது" என்று ஒரு வரி. மீளாய்வு செய்பவரும் சரி என்று கையெழுத்து வைத்துவிடுவார்.

அந்த "ஒரு நாள்" என்றால் என்ன என்று யாரும் கேட்பதில்லை. யாழ்ப்பாணத்துப் பாசையூரில் ஒரு காலை, நண்டு வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு ஐயாவிடம் தரவு எடுக்க வந்த பிள்ளை "எத்தனை கிலோ?" என்று கேட்டு, எழுதிக்கொண்டு அடுத்த வள்ளத்துக்குப் போய்விட்டது. எத்தனை துண்டு வலை விட்டீர்கள் என்று நான் கேட்டேன். நண்டின் கால் முறியாமல் கண்ணி கண்ணியாக விலக்கிக்கொண்டே, "முந்திப் பத்துத் துண்டு காணும் தம்பி. இப்ப நாப்பது விட்டாலும் உவ்வளவுதான்" என்றார். பிள்ளையின் தாளில் முந்திய எடையும் இன்றைய எடையும் ஒன்று. வலைத் துண்டால் வகுத்தால் இன்றையது நாலில் ஒரு பங்கு.

கூடுவது வலை மட்டுமல்ல. இயந்திரத்தின் குதிரைவலு கூடும், ஜிபிஎஸ் வரும், ஓரிரவு கிடந்த வலை இரண்டு இரவு கிடக்கும். வெளிக்கடலில் ஆலாப் பறவைகள் விழுகிற இடத்தைப் பார்த்துத்தான் நம்மவர்கள் சூரைக்குப் போவார்கள். சூரை அடியிலிருந்து சிறுமீனை மேலே கலைக்கும், ஆலா மேலிருந்து விழுந்து கொத்தும். பத்துக் கூட்டம் இருந்த கடலில் மூன்றே மிஞ்சினாலும் ஆலா அந்த மூன்றையும் காட்டிக்கொடுத்துவிடும். வள்ளம் நிறைந்துதான் கரைக்கு வரும். கூட்டமாகத் திரியும் மீன்களில் பிடிப்பு வீதம் கடைசி வரை நன்றாக இருந்துவிட்டு ஒரேயடியாக விழுவது இதனால்தான்.

கனடாவில் நியூஃபவுண்லாந்தின் கொட் மீனுக்கும் இதுதான் நடந்தது. 1980களில் பெரிய இழுவைக் கப்பல்களின் பிடிப்பு வீதம் நன்றாகவே இருந்தது, மதிப்பீடுகளும் அதை நம்பி இருப்பைக் கூட்டிச் சொன்னன. கரையோரத்தில் சிறு வள்ளங்களில் போனவர்கள் மீன் இல்லை, வருவதும் சிறிசு என்று அப்போதே முறையிட்டார்கள். 1986 இல் அவர்களுடைய சங்கமே வெளி ஆய்வாளர்களை அமர்த்தி அரச மதிப்பீட்டை ஆராயச் செய்தது. அதற்குப் பிறகும் உரிய அளவுக்குப் பிடிப்பைக் குறைக்கவில்லை. எஞ்சிய மீன் சில இடங்களில் நெருங்கித் திரண்டிருந்தது, கப்பல்கள் அங்கேயே போய் அள்ளின. 1992 ஜூலை 2 இல் கனடா மீன்பிடியை நிறுத்தியபோது 30,000 பேருக்கு மேல் வேலை இழந்தார்கள். வணிக மீன்பிடித் தடை நீங்க 2024 ஆயிற்று.

ஆகவே அறிக்கை கைக்கு வந்ததும் பிடிப்பு வரைபடத்தை மூடி வைத்துவிட்டு முயற்சிப் பத்தியைப் பாருங்கள். எத்தனை துண்டு வலை, என்ன கண்ணி, எத்தனை மணி நேரம் கடலில் கிடந்தது, எவ்வளவு தூரம் போனார்கள்? இவை இல்லாத அறிக்கையைத் திருப்பி அனுப்புங்கள். எழுதியவர் மனம் நோகும்தான், ஆனாலும் அனுப்புங்கள். அந்தக் கோட்டை நம்பி நாளைக்கு அனுமதிப்பத்திரம் கூட்டிக் கொடுத்தால், கடன் எடுத்து வலை வாங்கிய குடும்பங்கள்தான் நடுத்தெருவில் நிற்கும்.

2009 க்கு முன்னும் பின்னும் ஒரே கோடு

2009 இல் முடிந்த போர்க்காலத்தில் கடலுக்குப் போகப் பாஸ், நேரக் கட்டுப்பாடு, தூரக் கட்டுப்பாடு, குதிரைவலுக் கட்டுப்பாடு என்று எல்லாம் இருந்தன. அந்த ஆண்டுகளில் மீன் குறைவாக இறங்கியதற்குக் காரணம் ஆட்கள் கடலுக்குப் போக முடியாமற்போனது. 2009 க்குப் பிறகு கரையில் இறங்கிய மீன் கூடியதை "இருப்பு மீண்டது" என்று எழுதுகிறார்கள். மீண்டது மீன்பிடி. மீனைப் பற்றி அந்தக் கோடு ஒன்றும் சொல்லாது.

இன்னொன்றும் இருக்கிறது. இலங்கையில் 2017 இலேயே இழுவைமடித் தொழிலைச் சட்டம் தடை செய்துவிட்டது. ஆனால் பாக்கு நீரிணையில் இந்திய இழுவைப் படகுகள் அள்ளும் மீன் அக்கரையில்தான் இறங்குகிறது. அந்தப் படகுகள் வரும் இரவுகளில் வலை அறுந்துவிடும் என்று பயந்து நம்மவர்கள் பலர் தொழிலுக்குப் போவதில்லை. குருநகர் இறங்குதுறையின் தாளை மட்டும் வைத்து நீரிணையின் இருப்பைச் சொன்னால் பாதிக் கணக்கு அக்கரையில் கிடக்கும்.

வெறும் வள்ளம்

மீன் ஏலம் கூறும் இடத்தில் நின்று தரவு எடுத்தால் வெறுமையாகத் திரும்பிய வள்ளம் தாளில் ஏறாது. சராசரி தானாக உயரும். மீனவர் தங்கும் வாடியிலும் போய்க் கேளுங்கள்.

பறவை எதுவும் பதிவாகவில்லை

"கடற்பறவைகளுக்குப் பாதிப்பு: இல்லை." இந்த வரியைக் கண்டால், பார்த்தது யார் என்று ஓரத்தில் எழுதுங்கள். செத்த நீர்க்காகத்தை யாரும் கரைக்குக் கொண்டுவந்து நிறுப்பதில்லை, அறுத்து எறிந்துவிடுவார்கள். நீண்ட கயிற்றில் தூண்டில்களைக் கோத்து இறக்கும் நெடுந்தூண்டில் கப்பல்களில் விஞ்ஞானிகள் நின்று பார்த்தபோதே, தூண்டில் இறக்கும்போது மாட்டிய பறவைகளில் ஏறக்குறையப் பாதி தூண்டில் ஏற்றும்போது அதில் இல்லை. இடையில் கழன்றோ, வேறு மீன் தின்றோ போய்விட்டன. உலகளவில், மீனின் செவுள் சிக்கும் செவுள்வலைகளில் ஆண்டுக்குக் குறைந்தது 400,000 கடற்பறவைகள் சாகின்றன என்று 2013 இல் கணித்தார்கள். நமது தொழிலில் பெரும்பங்கு செவுள்வலைதான். கவனிக்க ஆள் போகாத இடத்தில் பூச்சியம் போடாமல் "கவனிக்கப்படவில்லை" என்று எழுதச் சொல்லுங்கள்.

அல்பட்ரோஸ் பரிந்துரையை நெடுந்தீவில் ஒட்டுவது

பறவை விரட்டும் கயிறு, இரவில் தூண்டில் இறக்குதல், தூண்டிலுக்குப் பாரம் கட்டுதல் மூன்றும் நல்ல வழிகள். இவற்றில் இரண்டையாவது பயன்படுத்த வேண்டும் என்று இந்து சமுத்திர சூரை ஆணைக்குழு 2012 இல் விதித்தது, தெற்கு அகலாங்கு 25 பாகைக்குத் தெற்கே, அல்பட்ரோஸ் என்ற பெரிய கடற்பறவைகள் திரியும் கடலுக்குப் போகும் நெடுந்தூண்டில் கப்பல்களுக்கு. யாழ்ப்பாணம் வடக்கு அகலாங்கு 9 பாகை 40 கலையில் இருக்கிறது. இங்கே வலையில் மாட்டக்கூடியவை நீர்க்காகமும் ஆலாவும். ஆலாக்கள் மன்னாருக்கு அப்பால் ஆதாம் பாலத்து மணல்திட்டுகளில் முட்டையிடுகின்றன. வலை எங்கே, எந்த மாதத்தில், எந்த ஆழத்தில் விடப்படுகிறது என்பதைத்தான் நம் அறிக்கை கேட்க வேண்டும்.

"பறவைக்கு மூன்றில் ஒரு பங்கு"

இந்தச் சொற்களைத் தலைப்பில் கொண்டு 2011 இல் வந்த கடற்பறவை ஆய்வைத் தப்பாக எடுத்தாளாத அறிக்கையை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். பிடிப்பில் மூன்றில் ஒன்றைப் பறவைக்கு விடுவதாக அதற்கு அர்த்தமில்லை. பறவைகள் தின்னும் இரைமீனின் அளவு, நெடுங்காலத்தில் கண்ட உச்சத்தின் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போனால் பறவைகளின் குஞ்சு பொரிப்பு குறையத் தொடங்குகிறது என்பதே அதன் முடிவு. நமது சூடைக்கும் நெத்தலிக்கும் அந்த உச்சம் எவ்வளவு என்று சொல்லாமல் அந்தப் பங்கைப் பயன்படுத்த முடியாது.

"மேலும் ஆய்வு தேவை"

எந்த ஆய்வு, எந்த இறங்குதுறையில், எந்த மாதத்தில் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் அந்த வரியை வெட்டுங்கள்.