பழைய ஸ்டைல்ல செய்யணுமா? முதல்ல கையைக் கட்டிப் போட்டுக்கோங்க

பழைய பாணில ஏதாவது செய்யணும்னு கிளம்புறவங்க பாதிப்பேர் மேக்கப்போட நிறுத்திடுறாங்க, கதைல நாலு "அந்தோ", வீடியோல ஒரு கருப்பு வெள்ளை ஃபில்டர், பாட்டுல கீறல் விழுந்த ரெக்கார்டு சத்தம், அவ்ளோதான். ஒட்டு தாடி மாதிரி அது, வாயைத் திறந்ததும் கழண்டுடும்.

அந்தக் கால ஆளுக்கு என்ன வசதி இல்லைன்னு பாருங்க, ஸ்டைல்ல பாதி அங்கேருந்துதான் வருது. ஹாலிவுட் டைரக்டர் ஸ்டீவன் சோடர்பெர்க் 2006ல வந்த ஒரு படத்தை 1940கள் பாணில எடுத்தப்ப ஜூம் வேணாம், வயர்லெஸ் மைக் வேணாம், நீளக் கம்புல தொங்குற பூம் மைக் போதும்னு முடிவு பண்ணிட்டார். மைக் தலைக்கு மேல இருந்தா முணுமுணுக்க முடியாதுல்ல, குரலைத் தூக்கித்தான் பேசணும், அப்போ அந்தக் கால நடிப்பு தானா வந்துடுது. (ஆனா ஷூட் பண்ணது கலர் ஃபிலிம்ல, பிறகுதான் கருப்பு வெள்ளை ஆக்கினாங்க. ரொம்ப ஆச்சாரம் பாக்க வேணாம்.)

எழுதுறவங்க ஒரே ஒரு எழுத்தாளரைப் பிடிங்க, "பழைய நடை"ன்னு பொதுவா ஒண்ணும் கிடையாது. ரெண்டு மூணு பக்கம் கையால காப்பி பண்ணுங்க, வாக்கியம் எங்க மூச்சு விடுது, எதை அவர் வர்ணிக்கவே மாட்டேங்கிறார், எங்க நக்கல் அடிக்கிறார்னு கை கண்டுபிடிச்சிடும். அப்புறம் அவருக்குத் தெரிஞ்சிருக்கவே முடியாத விஷயத்தை அந்த நடைல எழுதுங்க, அவரோட விஷயத்தையே எடுத்தா அவர் வரிதான் திரும்ப வரும். பிரெஞ்சு எழுத்தாளர் மார்செல் ப்ரூஸ்ட் 1908ல செஞ்சது இதான், செயற்கை வைரம் செய்றேன்னு ஒருத்தன் ஏமாத்துன வழக்கை, தனக்கு முந்தின பிரெஞ்சு எழுத்தாளர்கள் பால்சாக் மாதிரி ஒரு தடவை, ஃப்ளோபேர் மாதிரி ஒரு தடவைன்னு எழுதிப் பாத்தார். பிடிச்ச எழுத்தாளர் நமக்குத் தெரியாமலே நம்ம எழுத்துல புகுந்துடுவார், அதுக்கு வேணும்னே காப்பியடிச்சுத் தீர்த்துடுறதுதான் மருந்துன்னு நினைச்சவர் அவர்.

மியூசிக்லயும் இதே கதைதான். ரஷ்ய இசையமைப்பாளர் புரோகோஃபியெவ் 1917ல, பதினெட்டாம் நூற்றாண்டு இசையமைப்பாளர் ஹேடன் பாணில சிம்பொனி முடிச்சப்ப ஆர்கெஸ்ட்ராவைச் சின்னதாவே வெச்சுக்கிட்டார், ஆனா ஆரம்பத்துலயே டி மேஜர்ங்கிற ஸ்கேல்லேருந்து பொசுக்குனு சி மேஜர் ஸ்கேலுக்குத் தாவுவார், ஹேடன் காலத்து காதுக்கு அது அதிர்ச்சி. இந்த மாதிரி ஒண்ணு ரெண்டு இடம் உங்களோடதா இருக்கட்டும், அதிகமானா கிண்டல் ஆயிடும், அது வேற ஐட்டம்.

கடைசியா, யார் பாணின்னு வெளிப்படையா ஒரு வரி போட்டுடுங்க. வயலினிஸ்ட் க்ரைஸ்லர் சொந்தமா எழுதுனதுல பலதைப் பழைய இசையமைப்பாளர்கள் பேர்ல வாசிச்சுட்டு 1935லதான் ஒத்துக்கிட்டார், பாராட்டி எழுதுன விமர்சகர்களுக்கு வந்த கோவம் இருக்கே!