பசங்களுக்கான ஃபிட்னஸ் டெஸ்ட்: பழசிலிருந்து புதுசுக்கு மாறுவது எப்படி?

பன்னிரண்டு நிமிட ஓட்டம், ஒருத்தர் காலை அமுக்கிப் பிடிக்க இன்னொருத்தர் எடுக்கிற சிட்-அப், சுவரில் சாக்பீஸ் கையோடு எகிறிக் குதிப்பது. வேலூரில் காட்பாடி, சத்துவாச்சாரி பக்கம் பாதி மைதானங்களில் இன்னும் இதுதான் ஓடுது. ஆராய்ச்சி எங்கேயோ போய்விட்டது. எதை மாற்றணும், எந்த வரிசையில் மாற்றணும் என்று மட்டும் இங்கே சொல்கிறேன். வார்ம்-அப், தண்ணீர், முதலுதவிப் பெட்டி எல்லாம் உங்களுக்கே தெரியும். நம்ம ஊர் வெயிலும் தெரியும்: கத்திரியில் டெஸ்டே வேண்டாம், மற்ற மாதங்களில் காலை ஏழரைக்குள் முடிச்சிடுங்க.

1. முதலில் உயரத்தை அளங்க

இதில்தான் நிறைய பேர் சறுக்குவாங்க, அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். பெண்களுக்கு 12 வயதை ஒட்டியும், பையன்களுக்கு 14 வயதை ஒட்டியும் உயரம் கிடுகிடுவென ஏறும். ஒரு வருஷம் முன்னே பின்னே இருக்கலாம். அந்த நேரத்தில் வருஷத்துக்கு 8 முதல் 10 சென்டிமீட்டர் வரை வளர்வாங்க. கால் நீண்டுவிடும், உடம்பு அதற்குப் பழக நாளாகும். அப்போது 50 மீட்டர் ஓட்ட நேரம் தேங்கினாலோ, குனிந்து தொடும் டெஸ்டில் எட்டும் அளவு குறைந்தாலோ, பையன் சோம்பேறி ஆகிட்டான் என்று முடிவு கட்டாதீங்க. ஒரே வகுப்புப் பசங்களை ஒரே அட்டவணையில் வைத்துத் தரம் பிரிப்பதும் இதனால்தான் சரிப்படாது. ஒருத்தனுக்கு மீசை அரும்பியிருக்கும், பக்கத்தில் நிற்பவனுக்குக் குரலே உடைந்திருக்காது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளந்தால் போதும். ஆனால் ஒரு கணக்கு இருக்கு. வேகமாக வளர்கிற பையன்கூட மூன்று மாதத்தில் இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர்தான் ஏறுவான். காலையில் இருக்கிற உயரம் சாயங்காலத்துக்குள் ஒரு சென்டிமீட்டர் வரை குறையும். ஜூனில் காலையிலும் செப்டம்பரில் மாலையிலும் அளந்தீங்கன்னா, வளர்ச்சியில் பாதி காணாமல் போயிடும். ஒரே நேரம், ஒரே சுவர், வெறுங்கால். குதிகால், பிட்டம், முதுகு சுவரில் படணும், பார்வை நேராக இருக்கணும். ரெட்டைப் பின்னல் மடித்துக் கட்டி ரிப்பன் போட்டு வரும் பெண்களுக்கு, அந்த முடிச்சு தலையைச் சுவரிலிருந்து முன்னுக்குத் தள்ளும். பின்னலைத் தோளுக்கு முன்னால் எடுத்துப் போடச் சொல்லிட்டு அளங்க. தலைமேல் வைக்க ஸ்கேலை விட கெட்டி அட்டை நோட்டுதான் என் கட்சி. சுவரோடு செங்குத்தாகப் பொருந்தும்.

2. பன்னிரண்டு நிமிட ஓட்டத்துக்குப் பதில் பீப் டெஸ்ட்

அந்த ஓட்டம் 1968-ல் கென்னத் கூப்பர் அமெரிக்க விமானப்படை ஆட்களை வைத்துச் செய்தது. பெரியவங்களுக்கு வேகத்தைப் பங்கிட்டு ஓடத் தெரியும். பசங்க முதல் சுற்றிலேயே பறந்துட்டு நாலாவது சுற்றில் இடுப்பைப் பிடிச்சுக்குவாங்க. பீப் டெஸ்ட் என்பது 20 மீட்டர் ஷட்டில்: 20 மீட்டர் தள்ளி இரண்டு கோடு, ஒவ்வொரு பீப்புக்கும் எதிர்க்கோட்டைத் தொடணும், பீப்புகளுக்கு நடுவே நேரம் குறைந்துகொண்டே வரும். இதில் சத்தமே வேகத்தைச் சொல்லிடும். கனடா ஆராய்ச்சியாளர் லூக் லெஜே குழு 1980-களில் கொண்டு வந்தது இது.

இணையத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட ஆடியோக்கள் உலாவுது. ஒன்று மணிக்கு 8.5 கிலோமீட்டரில் தொடங்கி நிமிடத்துக்கு அரை கிலோமீட்டர் கூடும். இன்னொன்று 8-ல் தொடங்கி அடுத்து 9-க்குத் தாவும். ஸ்டாப்வாட்சை எடுத்து முதல் இரண்டு பீப்புக்கு நடுவே பாருங்க: எட்டரை வினாடி என்றால் முதல் வகை, ஒன்பது என்றால் இரண்டாவது. எதுவானாலும் சரி, அந்த ஃபைலையே போனில் சேமித்து வருஷம் முழுக்க அதையே போடுங்க. தூரத்தைக் காலடியால் அளக்காதீங்க, டேப் பிடிங்க.

3. சிட்-அப்

விட்டுடுங்க. காலைப் பிடித்தால் வயிற்றை விட இடுப்பு மடக்குத் தசைதான் அதிகம் வேலை செய்யுது, கீழ்முதுகும் வாங்கிக்குது. முழங்கால் மடக்கி, யாரும் பிடிக்காமல், பாதி எழும் கர்ல்-அப் போதும். மத்திய அரசின் கேலோ இந்தியா பள்ளி டெஸ்டிலும் அதுதான் இருக்கு.

4. குதிப்பதைப் போனில் எடுங்க

சாக்பீஸ் முறையில் கையை எவ்வளவு நீட்டினான் என்பதும் கலந்துவிடும். இடுப்பில் கை வைத்துக் குதிக்கச் சொல்லி, பாதத்துக்கு நேராகத் தரையோடு போனை வைத்து, வினாடிக்கு 240 ஃப்ரேம் எடுக்கும் ஸ்லோ மோஷனில் எடுங்க. கால் தரையை விட்ட ஃப்ரேமிலிருந்து தொட்ட ஃப்ரேம் வரை எண்ணி, 240-ஆல் வகுத்தால் காற்றில் இருந்த நேரம். அதை அதாலேயே பெருக்கி 122.6-ஆல் பெருக்கினால் சென்டிமீட்டரில் உயரம். 120 ஃப்ரேம் என்றால் அரை வினாடி, ஏறக்குறைய 30.7 சென்டிமீட்டர்.

சாதாரண 30 ஃப்ரேம் வீடியோவில் இதைச் செய்யாதீங்க. ஒரு ஃப்ரேம் தவறினாலே நாலு சென்டிமீட்டர் போயிடும். 240-ல் அரை சென்டிமீட்டர்தான். இறங்கும்போது முழங்காலை மடக்கினால் காற்றில் இருக்கும் நேரம் கூடும். மடக்கினால் அந்தக் குதி செல்லாது.

5. 50 மீட்டர்

இதை மாற்ற வேண்டாம், விசிலை மாற்றுங்க. சத்தம் 50 மீட்டர் வந்து சேர 0.15 வினாடி ஆகும். முடிவில் நிற்பவர் காதை நம்பினால் எல்லோருக்கும் அவ்வளவு நேரம் குறைத்துக் காட்டும். தொடங்குபவர் துண்டைக் கீழே இறக்கட்டும், அதைப் பார்த்து அமுக்குங்க.

6. பழசையும் புதுசையும் ஒரு பருவம் சேர்த்து நடத்துங்க

ஒரே நாளில் இல்லை, வேறு வேறு நாளில். பழைய எண்ணைப் புதிய எண்ணாக மாற்றும் சூத்திரம் தேடாதீங்க; புது நோட்டில் புது ஆரம்பம் போடுங்க. பழைய டெஸ்டில் முன்னால் இருந்த பையன் புதுசில் பின்னால் போனால், தேறலையா இல்லை டெஸ்ட் மாறினதாலயா என்று அந்த ஒரு பருவம்தான் காட்டிக்கொடுக்கும்.

இடையில் ஒன்று. "வெயிட் தூக்கினா வளர்த்தி நின்னுடும்ல மாஸ்டர்?" என்று அம்மாக்கள் கேட்பாங்க. சரியான மேற்பார்வையில் தூக்கினால் நிற்காது. 2014 கிளாஸ்கோ, 2018 கோல்டு கோஸ்ட் காமன்வெல்த் போட்டிகளில் தங்கம் தூக்கிய சதீஷ் சிவலிங்கம் நம்ம சத்துவாச்சாரிக்காரர்தான் என்று சொல்லிப் பாருங்க, பேச்சு வேறு பக்கம் திரும்பிடும். ஆனால் புதுசாக வந்த பசங்களை அதிகபட்ச எடை தூக்க வைத்து டெஸ்ட் எடுக்காதீங்க.

பிற்சேர்க்கை: குடியாத்தத்திலிருந்து ஒருத்தர் கேட்டிருந்தார், தன் போனில் 240 என்று போட்டிருந்தும் எண்ணிக்கை ஒத்துவரலையாம். சில போன்கள் குறைவாக எடுத்துவிட்டு நடுவில் ஃப்ரேம்களைத் தானே இட்டு நிரப்பும். இன்னொரு போனில் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு அதைப் படம் எடுங்க. ஒரு வினாடிக்குள் எத்தனை ஃப்ரேம் என்று எண்ணுங்க. அந்த எண்ணால்தான் வகுக்கணும். பக்கத்துப் பக்க ஃப்ரேம்கள் ஒரே மாதிரி இருந்தாலோ கால் மங்கலாக இரண்டாகத் தெரிந்தாலோ, அந்தப் போனை விட்டுட்டு வேறு யாரிடமாவது கேட்டு வாங்கிக்கங்க.