வண்டலூர் ஜூவுக்குப் பிள்ளைகளோடு போக: எங்களுக்குச் சரிப்பட்ட வழி

மூன்றாவது முறைதான் எங்களுக்கு வண்டலூர் சரியாக அமைந்தது. முதல் முறை மே மாதம், பதினொன்றரை மணி வெயிலில் உள்ளே போனோம். சிங்கம் தூங்குது, புலி தூங்குது, கரடி தூங்குது, வீட்டுக்குப் போலாம்பா என்று ஏழு வயது மகள் சொல்ல, நாலு வயது மகன் என் தோளிலேயே தூங்கிவிட்டான். இரண்டாவது முறை சீக்கிரம் போனோம், ஆனால் எதையும் விடக்கூடாது என்று ஓடி ஓடிப் பார்த்ததில் சாயங்காலம் என்ன பார்த்தீர்கள் என்று ஆயா கேட்டபோது இரண்டு பேருக்கும் ஐஸ்க்ரீம் மட்டும்தான் நினைவிருந்தது. மூன்றாவது முறை செய்ததை அப்படியே எழுதுகிறேன்.

1. நாளும் நேரமும்

செவ்வாய்க்கிழமை விடுமுறை. பள்ளி விடுமுறைக் காலத்தில் சில செவ்வாய்களில் திறப்பதுண்டு, போவதற்கு முன் அறிவிப்பைப் பாருங்கள். காணும் பொங்கலன்று சின்னப் பிள்ளைகளோடு போகவே வேண்டாம். மற்றபடி காலை 9 மணிக்கு கேட் திறக்கும்போது அங்கே நில்லுங்கள். புலி, சிங்கமெல்லாம் விடியலிலும் அந்தியிலும் நடமாடுகிறவை, உச்சி வெயிலில் படுத்துத்தான் கிடக்கும். டிக்கெட்டை முதல் நாளே ஆன்லைனில் எடுத்துவிட்டால் வரிசையில் அரைமணி மிச்சம்.

2. பையில் என்ன

ஸ்டீல் பாட்டிலில் தண்ணீர், தொப்பி, ஒரு சின்ன நோட்டு, பென்சில். உள்ளே பிளாஸ்டிக் கூடாது, பையைச் சோதித்துத்தான் விடுவார்கள். தின்பண்டத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டாம். ஜூவுக்குள் காட்டுக்குரங்குகள் சுதந்திரமாகத் திரிகின்றன, பிள்ளையின் கையிலிருப்பது அவற்றின் கண்ணில் பட்டால் அவ்வளவுதான்.

பைனாகுலர் கட்டாயம் என்பேன். நம் பக்கத்துக்கும் விலங்குக்கும் நடுவே பெரிய அகழி இருப்பதால் வெறும் கண்ணுக்கு அது தூரத்தில் ஒரு பழுப்புத் திட்டு. 10 மடங்கு பெரிதாக்குவதை வாங்காதீர்கள், பிள்ளைகள் கையில் படம் ஆடிக்கொண்டே இருக்கும். 8 மடங்கு, எடை குறைந்தது போதும். செல்போனில் ஜூம் பண்ணிக் காட்டினால் அவர்கள் விலங்கைப் பார்க்க மாட்டார்கள், போனைத்தான் பார்ப்பார்கள்.

3. எதை விடுவது என்று முதல் நாளே முடிவு செய்யுங்கள்

இடம் 602 ஹெக்டேர், கிட்டத்தட்ட 1,490 ஏக்கர். 1855இல் எழும்பூர் மியூசிய வளாகத்தில் அதன் பொறுப்பாளர் பால்ஃபர் தொடங்கிய சின்னக் காட்சிசாலை பிறகு சென்ட்ரல் பக்கம் போய், 1985இல் இந்தக் காட்டோரத்துக்கு வந்தது. இதை ஒரே நாளில் நாலு வயதுக் கால்களால் சுற்ற முடியாது. மூன்று அல்லது நாலு விலங்குகளைத் தேர்ந்தெடுங்கள். போகும்போது நடை, திரும்பும்போது பேட்டரி கார். வாடகை சைக்கிள் எனக்குப் பிடிக்கவில்லை, அதில் ஏறினால் எங்கேயும் நிற்கத் தோன்றாது. எங்கள் பட்டியல்: புலி, நீர்யானை, கூழைக்கடா, சிங்கவால் குரங்கு.

4. நிற்பது

நாங்கள் இரண்டு முறை கோட்டை விட்டது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வெள்ளைப்புலி முன்னால் எப்போதும் கூட்டம் நெரியும். சிங்கவால் குரங்கு முன்னால் வருகிறவர்கள் "ஓ, குரங்கா" என்று பத்து விநாடியில் நகர்ந்துவிடுவார்கள். ஆனால் வெள்ளைப்புலி என்று தனி இனம் ஒன்று கிடையாது. நிறம் மாறிப் பிறந்த புலிதான் அது. பெரும்பாலும் 1951இல் ரீவாவில் (இன்றைய மத்தியப் பிரதேசம்) பிடிபட்ட மோகன் என்ற குட்டியின் வழியில், உறவுக்குள்ளேயே சேர்த்துச் சேர்த்துப் பெருக்கியவை, அதனால் வரும் உடல் கோளாறுகளும் உண்டு. சிங்கவால் குரங்கோ நம் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகத்தில் வேறெந்தக் காட்டிலும் இல்லை. அதை அழியாமல் காக்கும் இனப்பெருக்கத் திட்டத்தை நம் நாட்டில் ஒருங்கிணைப்பது இதே வண்டலூர்தான். எந்தக் குட்டி எந்தத் தாய்க்கு, எந்தத் தகப்பனுக்குப் பிறந்தது என்று ஏடு வைத்துப் பார்த்துத்தான் ஜோடி சேர்க்கிறார்கள், வெள்ளைப்புலிக்கு நடந்தது இங்கே நடக்கக்கூடாது என்பதற்காக. ஜூவுக்குப் பிள்ளைகளை எதற்குக் கூட்டிப்போகிறோம் என்பதற்கு எனக்குக் கிடைத்த பதில் இந்தக் குரங்குதான்.

இருபது நிமிடம் நில்லுங்கள். போனில் மணி வையுங்கள். முதல் ஐந்து நிமிடம் நச்சரிப்பார்கள், விட்டுவிடுங்கள். நோட்டைக் கையில் கொடுத்து "மூணு விஷயம் கண்டுபிடி" என்று மட்டும் சொன்னேன். ஏழாவது நிமிடமோ என்னவோ, ஒரு பெண் குரங்கு பழத்தைக் கடிக்காமல் கன்னத்துக்குள் ஒதுக்கியது, அப்புறம் இன்னொன்று, அப்புறம் இன்னொன்று. கன்னம் எலுமிச்சை அளவுக்குப் புடைத்துக்கொண்டது. எட்டப் போய் உட்கார்ந்து, புறங்கையால் கன்னத்தை அமுக்கி ஒவ்வொன்றாக வாய்க்குள் தள்ளித் தின்றது. மகன் தன் கன்னத்தை அமுக்கிப் பார்த்துக்கொண்டான். மகள் பைனாகுலரை இறக்கவே இல்லை. "சிங்கவால்னா வால் முழுக்க இல்லப்பா, நுனில மட்டும் குஞ்சம், அந்தக் குட்டிக்குப் பிடரியே இல்ல" என்றாள். ஆமாம், வெள்ளிப் பிடரி பிறந்த பிறகுதான் வளரும். அதை நான் சொல்லாமலே பார்த்துவிட்டாள்.

5. "ஏன் அடைச்சு வச்சிருக்காங்க?"

கட்டாயம் கேட்பார்கள். பூசி மெழுகாதீர்கள். நான் உள்ளதைச் சொன்னேன்: காட்டில் இடம் சுருங்கியதால் இனத்தைக் காப்பாற்ற வைத்திருப்பவை சில, மனிதர்களிடமிருந்து மீட்டவை சில. சர்க்கஸில் சிங்கம், புலி, கரடி, குரங்கையெல்லாம் ஆட்டுவிக்கக் கூடாது என்று 1998இல் மத்திய அரசு ஆணையிட்டது. 2001இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதன் பிறகு சர்க்கஸ் சிங்கங்கள் வந்து சேர்ந்த மீட்பு மையங்களில் வண்டலூரும் ஒன்று. அந்த மையத்துக்குள் பார்வையாளர்களை விடமாட்டார்கள், வாழ்நாளெல்லாம் காட்சிப்பொருளாக இருந்தவற்றை இனியாவது யாரும் வேடிக்கை பார்க்க வேண்டாமே. மகளுக்கு இது உடனே புரிந்தது.

6. கிளம்புவது

ஒரு மணிக்குள் வெளியே வந்துவிடுங்கள், அழுகை தொடங்குவதற்கு முன்னால். மழைக்காலம் என்றால் மட்டும் ஓட்டேரி ஏரிக்கரையில் கால்மணி உட்காருங்கள். அங்கே கூடுகிற பறவைகளை யாரும் அடைத்து வைக்கவில்லை, தாமாக வருகின்றன என்று சொன்னால் பிள்ளைகளுக்கு ஆச்சரியம் தாங்காது.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டு ரயிலில் போனவர் ஒருவர் தாம்பரத்தோடு வண்டி நின்றுவிட்டது, பிள்ளைகளோடு திண்டாடினோம் என்று எழுதியிருந்தார். நான் சொல்லியிருக்க வேண்டும், மன்னியுங்கள். சென்னை பீச் ஸ்டேஷனிலிருந்து வரும் வண்டிகளில் பல தாம்பரம் வரைதான். செங்கல்பட்டு அல்லது கூடுவாஞ்சேரி வண்டியா என்று பார்த்து ஏறினால் வண்டலூரிலேயே இறங்கி நடந்துவிடலாம்.

இன்னொன்று: "அதுங்க எப்ப காட்டுக்குத் திரும்பிப் போகும்?" என்று தன் பையன் கேட்டதாகவும், பதில் தெரியவில்லை என்றும் ஒரு அம்மா எழுதியிருந்தார். என் மகளும் கேட்டாள். சிங்கவால் குரங்கு மரத்திலிருந்து மரத்துக்குத் தாவியே வாழ்வது. காடு எஸ்டேட்டாகவும் ரோடாகவும் துண்டுபட்டால் தரையில் இறங்க வேண்டிவருகிறது, வண்டியில் அடிபடுகிறது. முதலில் காடு சேர வேண்டும். வால்பாறையில் புதுத்தோட்டம் பக்கம் ரோட்டுக்கு மேலே மரத்துக்கு மரம் தொங்குபாலம் கட்டியிருக்கிறார்கள், குரங்குகள் அதில் கடக்கின்றன என்று சொன்னேன். அதைப் பார்க்க வேண்டுமாம். அரையாண்டு லீவில் போகிறோம், பைனாகுலரையும் நோட்டையும் இப்போதே எடுத்து வைத்துவிட்டாள்.