செப்டிக் டேங்க் குழிக்குள் ஆள் இறங்கும் முன்: டெல்டா மண்ணில் நான் செய்யும் முறை

கும்பகோணம், பாபநாசம், வலங்கைமான் பக்கம் சின்ன வீடுகள் கட்டிக் கொடுப்பது என் தொழில். மாடிச் சாரத்தில் நிற்கும் கொத்தனாரைப் பார்த்தால் வீட்டுக்காரர்களுக்குப் பதறும். எனக்குப் பதறுவது கொல்லைப்புறத்தில் தோண்டும் செப்டிக் டேங்க் குழியைப் பார்த்தால். அந்த ஒரே குழி இரண்டு முறை காவு கேட்கும். தோண்டும்போது ஒரு முறை, மேல் சிலாப் போட்டபின் உள்ளே இறங்கி சென்ட்ரிங் (கான்கிரீட் இறுகும் வரை அடியில் தாங்கும் பலகையும் முட்டும்) பிரிக்கும்போது இன்னொரு முறை. முதல் ஆபத்து எல்லோருக்கும் தெரியும். இரண்டாவது எனக்கே பல வருடம் தெரியாது.

டேங்க் என்ன அளவு, எத்தனை அறை, கம்பி என்ன என்பதெல்லாம் இங்கே இல்லை. அதை உங்கள் இன்ஜினியர் சொல்வார். உள்ளே இறங்கும் ஆள் உயிரோடு மேலே வருவதற்கான வேலைகளை மட்டும் எழுதுகிறேன்.

1. எப்போது தோண்டுவது

சித்திரையில் நம்மூர் வாய்க்கால் காய்ந்து கிடக்கும். எட்டடி தோண்டினாலும் குழி ஈரப்பதத்தோடு நிற்கும், அவ்வளவுதான். மேட்டூரில் ஜூன் 12 தண்ணீர் திறந்து, கல்லணை தாண்டி, அரசலாற்றிலும் குடமுருட்டியிலும் ஓடி, தெரு வாய்க்காலுக்கு வந்துவிட்டால் கதை வேறு. ஆடிப்பெருக்கு சமயத்தில் அதே இடத்தில் நாலடியிலேயே ஊற்று வரும். நேற்று சுவர் போல நின்ற மண் இன்று குழைந்து நிற்கும். ஆகவே முடிந்தவரை வாய்க்காலுக்குத் தண்ணீர் வருமுன் குழி வேலையை முடித்துவிடுங்கள். வாய்க்காலை ஒட்டிய மனை என்றால் இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

கோடையில் தோண்டினால் வெயில் இருக்கிறது. குழிக்குள் காற்று ஓடாது, மேலே இருப்பவரைவிட உள்ளே இருப்பவர் சீக்கிரம் துவண்டுவிடுவார். கத்திரி நாட்களில் காலை 6 மணிக்கு ஆரம்பித்து 11 மணிக்கு நிறுத்துகிறேன், மீண்டும் மூன்றரைக்கு மேல்தான். அரை மணிக்கு ஒருமுறை ஆள் மாற்றம். மோரும் நீராகாரமும் ஒரு தூக்கு நிறைய மரத்தடியில் இருக்கும். ஒருவர் வியர்ப்பது நின்று, பேச்சு குழறினால், அது களைப்பு இல்லை. உடனே நிழலில் படுக்கவைத்து உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றிக்கொண்டே 108-ஐக் கூப்பிடுங்கள்.

சித்தாள் வேலைக்கு வரும் பெண்களுக்கு ஒதுங்க இடம் வேண்டும். அது இல்லாத சைட்டில் அவர்கள் தண்ணீரே குடிக்காமல் வெயிலில் நிற்பார்கள். நாலு தகரம் வைத்து மறைப்பு கட்டி, ஒரு குடம் தண்ணீர் வைக்க அரை நாள் போதும். வேலை தொடங்கும் அன்றே செய்துவிடுங்கள்.

2. மண்ணைப் பார்ப்பது

தோண்டி எடுத்த கட்டியில் கட்டைவிரலை அழுத்துங்கள். நகக்குறி மட்டும் விழுந்தால் இறுகிய களி. விரல் சுலபமாக உள்ளே போனால் அந்தச் சுவரை நம்பாதீர்கள். கையில் பொலபொலவென்று உதிர்ந்தால் மணல் கலந்த வண்டல், அது முட்டில்லாமல் நிற்கவே நிற்காது.

டெல்டாவுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. மேலே நாலைந்து அடி களி, கீழே மணல் படுகை. மேல்பகுதி கல் மாதிரி இருப்பதால் தைரியமாகத் தோண்டுவோம். மணலைத் தொட்டதும் தண்ணீரோடு மணலும் சேர்ந்து உள்ளே வரும், மேலே உள்ள களி அந்தரத்தில் தொங்கும். அது சரியும்போது பாளம் பாளமாகச் சரியும். ஒரு கன மீட்டர் ஈர மண் ஏறத்தாழ 2 டன். நெஞ்சு வரை மூடினாலே மூச்சு விட முடியாது.

கோடையில் வயல் வெடிக்கிற மாதிரி, குழி விளிம்புக்கு இணையாக மேலே வெடிப்பு ஓடுகிறதா என்று காலையிலும் மதியமும் பாருங்கள். தெரிந்தால் உள்ளே இருப்பவரை அந்த நிமிடமே ஏற்றிவிடுங்கள். இரவில் மழை பெய்திருந்தால் நீங்கள் வந்து பார்க்கும் வரை யாரும் இறங்கக் கூடாது.

3. முட்டு கொடுப்பது

5 அடிக்கு மேல் ஆழம் என்றால் பக்கவாட்டு மண்ணுக்கு முட்டு வேண்டும், அல்லது சரிவாக, படி படியாக வெட்ட வேண்டும். உதிரும் மண்ணுக்கு ஓர் அடி ஆழத்துக்கு ஒன்றரை அடி சரிவு. எட்டடிக் குழிக்கு ஒவ்வொரு பக்கமும் 12 அடி ஆகிறது. ஊருக்குள் இருக்கும் மனையில் அதற்கு எங்கே இடம்? ஆகவே பலகையும் சவுக்குக் கட்டையும்தான். பலகையை மண்ணோடு ஒட்டி நிறுத்தி, எதிரெதிர்ப் பலகைகளுக்கு நடுவே குறுக்குக் கட்டை கொடுத்து, ஆப்பு அடித்து இறுக்க வேண்டும். மேலிருந்து கீழே கட்டிக்கொண்டே போக வேண்டும். பிரிக்கும்போது கீழிருந்து மேலே. நான் மூங்கிலைக் குறுக்குக் கட்டையாக வைப்பதில்லை. அழுத்தத்தில் பிளந்துவிடுகிறது.

தோண்டிய மண்ணை விளிம்பில் குவிப்பதுதான் நான் எல்லா ஊரிலும் பார்க்கும் தவறு. குறைந்தது 5 அடி, அல்லது குழி ஆழத்தில் பாதி, இதில் எது அதிகமோ அவ்வளவு தள்ளிப் போடுங்கள். ஜேசிபி சக்கரத்துக்கும் இதே கணக்கு. ஏணி எப்போதும் குழிக்குள் இருக்க வேண்டும், விளிம்புக்கு மேல் 3 அடி நீட்டிக்கொண்டு. சாப்பாட்டு நேரத்தில் வேறு வேலைக்கு எடுத்துப் போகக் கூடாது.

மண் சரிந்து ஒருவர் மாட்டிக்கொண்டால் ஜேசிபியால் தோண்டாதீர்கள். கயிறு கட்டி இழுக்கவும் கூடாது, முதுகெலும்பு போய்விடும். 101, 108 இரண்டுக்கும் அழைத்துவிட்டு, மற்ற பக்கச் சுவர் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, முகத்தையும் நெஞ்சையும் கையால் விடுவியுங்கள்.

4. தண்ணீர் இறைப்பது

ஆயில் எஞ்சினைக் குழிக்குள் இறக்காதீர்கள். அதன் புகை அடியில் தேங்கும், வாசனை பழகியதும் தெரியாது, ஆளை அப்படியே தூங்கவைத்துவிடும். எஞ்சின் மேலே, ஹோஸ் மட்டும் உள்ளே. கரண்ட் மோட்டார் என்றால் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானே அணைந்துவிடும் சுவிட்ச்) வழியாக மட்டுமே. மோட்டார் ஓடும்போது தண்ணீரில் ஆள் நிற்கக் கூடாது.

5. சென்ட்ரிங் பிரிப்பது

இதற்காகத்தான் இவ்வளவும் எழுத உட்கார்ந்தேன்.

சில வருடம் முன்பு ஒரு வீட்டில் டேங்குக்கு மேல் சிலாப் போட்டோம். இடையில் மழை. மேன்ஹோலைத் தகரத்தால் மூடி வைத்திருந்தோம். இரண்டு வாரம் கழித்து சென்ட்ரிங் பிரிக்க ஒரு அண்ணன் இறங்கினார். புது டேங்க், இன்னும் ஒரு சொட்டு கழிவுகூட விழவில்லை. இடுப்பு வரை உள்ளே போனவர், "தம்பி, தல கிறுகிறுங்குது" என்றார். சொல்லி முடிக்குமுன் கை ஏணியை விட்டுவிட்டது. பக்கத்தில் நின்ற இரண்டு பேர் அக்குளைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டோம். இன்னும் இரண்டு படி இறங்கியிருந்தால் எங்கள் கைக்கு எட்டியிருக்க மாட்டார். பின்னால் இறங்கத் தயாராக இன்னொரு தம்பி லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். அதை நினைத்தால் இன்றும் எனக்குக் கை நடுங்குகிறது. இந்த மாதிரி இடங்களில் முதல் ஆளைத் தூக்கப் போன இரண்டாவது ஆளும் மூன்றாவது ஆளும் சேர்ந்தே போகிறார்கள்.

காரணம் இதுதான். மூடிய டேங்கில் நனைந்த பலகையும் ப்ளைவுட்டும் ஊறி மக்கத் தொடங்கும். மக்கும்போது அது உள்ளே இருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிட்டு கரியமில வாயுவை விடும். அது காற்றைவிடக் கனம், அடியில் படுத்துக்கொள்ளும். தேங்கிய மழைநீரில் இலை தழை அழுகினால் அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடும் சேரும். அது அதிகமானால் மூக்கு மரத்து, நாற்றமே தெரியாமல் போகும். நாம் மூச்சிழுக்கும் காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம். 19.5-க்குக் கீழே போன இடத்தில் இறங்கக் கூடாது. 10-க்குக் கீழே நினைவு தப்பும். 6 அளவுக்கு வந்தால் சில நொடிகள்தான், மூச்சு முட்டுவதாக உணர்வதற்குள் விழுந்துவிடுவார்கள்.

இப்போது நான் செய்வது இரண்டில் ஒன்று.

முதல் வழி, ஆள் இறங்கத் தேவையே இல்லாமல் செய்வது. சிலாப்பை டேங்க் மேல் ஊற்றாமல், தரையிலேயே பட்டை பட்டையாக ஊற்றி, நீராற்றி, தூக்கி வைத்துவிடுகிறேன். இடுக்குகளில் கலவை பூசினால் முடிந்தது. உள்ளே சென்ட்ரிங்கே கிடையாது. ஒன்றரை அடி அகலம், 6 அடி நீளம், 4 அங்குலக் கனம் உள்ள ஒரு பட்டை 200 கிலோவைத் தாண்டும், ஆகவே ஆட்கள் தோளில் தூக்கக் கூடாது. ஜேசிபி பக்கெட்டில் சங்கிலி போட்டு இறக்குங்கள், அடியில் யாரும் நிற்காமல். யார் கேட்டாலும் இந்த வழியைத்தான் சொல்வேன். வாகனம் ஏறாத சின்ன வீட்டு டேங்குக்கு வேறு எதுவும் வேண்டாம்.

இரண்டாவது வழி, ஊற்றியே ஆக வேண்டும் என்றால். இரண்டு மேன்ஹோல் விடுங்கள், எதிரெதிர் மூலையில். போட்ட நாளிலிருந்து இரண்டையும் காற்றோட்டமாக வையுங்கள். பிரிக்கும் நாளில் தேங்கிய தண்ணீரை முதலில் மேலிருந்தே இறைத்துவிடுங்கள். பிறகு ப்ளோயர் (காற்று ஊதும் மெஷின்) ஹோஸை அடித்தரை வரை இறக்கி அரை மணி ஊதவிட்டு, நாலு வாயு (ஆக்சிஜன், ஹைட்ரஜன் சல்பைடு, கார்பன் மோனாக்சைடு, எரிவாயு) காட்டும் மீட்டரைக் கயிற்றில் கட்டி மேல், நடு, அடி என மூன்று இடத்தில் பார்க்க வேண்டும். மீட்டர் சரி என்றால் மட்டும், முழு உடல் பெல்ட் போட்ட ஒருவர், முக்காலி விஞ்ச்சில் (மேன்ஹோல் மேல் நிறுத்தி, கைப்பிடி சுற்றி ஆளைத் தூக்கும் மூன்று கால் சாதனம்) கயிறு இணைத்து இறங்கலாம். முக்காலியும் மீட்டரும் வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். வேலை முடியும் வரை ப்ளோயர் ஓட வேண்டும். மேலே ஒருவர் வேறு வேலை எதுவும் இல்லாமல் கயிற்றோடு நிற்க வேண்டும். என்ன நடந்தாலும் அவர் இறங்கக் கூடாது. விஞ்ச்சால்தான் தூக்க வேண்டும்.

மெழுகுவர்த்தியை இறக்கிப் பார்க்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். எரிவாயு இருந்தால் வெடிக்கும், ஹைட்ரஜன் சல்பைடை அது காட்டவும் காட்டாது. பயன்பாட்டில் இருக்கும் பழைய டேங்குக்குள் சுத்தம் செய்ய ஆளை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்திருக்கிறது. அதற்கு உறிஞ்சும் லாரிதான்.

இதைப் படித்துவிட்டுச் சிலர் கேட்டபின் சேர்த்தவை

"மேஜை ஃபேனை மேன்ஹோல் வாயில் வைத்தால் போதாதா?" என்று இருவர் கேட்டார்கள். போதாது. மேலே உள்ள காற்றுதான் சுழலும், அடியில் படுத்திருப்பது அப்படியே இருக்கும். ஹோஸ் அடிவரை போக வேண்டும்.

ஜெனரேட்டரில் ப்ளோயர் ஓட்டிய ஒருவருக்கு மீட்டர் கத்திக்கொண்டே இருந்திருக்கிறது. ஜெனரேட்டர் புகையையே ப்ளோயர் இழுத்து உள்ளே தள்ளியிருக்கிறது. ஜெனரேட்டரைக் காற்று போகும் திசையில், தள்ளி வையுங்கள்.

மன்னார்குடிப் பக்கம் ஒருவர் டேங்குக்குப் பதில் சிமெண்ட் உறை இறக்குவதாகச் சொன்னார். மண் சரிவுக்கு அது நல்ல பாதுகாப்பு. ஆனால் காற்று விஷயத்தில் உறையும் டேங்கும் ஒன்றுதான். ரெடிமேட் பிளாஸ்டிக் டேங்க் வைப்பவர்கள் உடனே தண்ணீர் நிரப்பிவிடுங்கள். ஊற்று ஏறினால் 10,000 லிட்டர் காலி டேங்கை 10 டன் விசை மேலே தள்ளும். மிதக்கும் டேங்கை நேராக்க மறுபடி ஆளைக் குழிக்குள் இறக்க வேண்டி வரும்.

நல வாரியம் பற்றியும் கேட்டிருந்தார்கள். தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியம் 1994 முதல் இருக்கிறது. 18 முதல் 60 வயது வரை உள்ளவர்கள் பதியலாம், 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். நடவும் அறுப்பும் இல்லாத மாதங்களில் சித்தாளாக வருபவர்கள் பலர், நாங்கள் விவசாயக் கூலிதானே என்று பதியாமல் இருக்கிறார்கள். வேலை தொடங்கும் வாரத்திலேயே ஆதாரையும் பாஸ்புக்கையும் வாங்கி, கூட உட்கார்ந்து பதிந்து கொடுங்கள்.

இன்னொருவர் எழுதியது எனக்கு உறைத்தது. காற்றோட்டத்துக்கு மேன்ஹோலைத் திறந்து வைக்கச் சொல்கிறீர்களே, பிள்ளைகள் விழுந்தால்? நியாயமான கேள்வி. இப்போது இரண்டு வாயிலும் கம்பி வலையை வெட்டி, நான்கு மூலையிலும் போல்ட் போட்டு இறுக்கிவிடுகிறேன். காற்று போகும், ஆட்டுக்குட்டிகூட விழாது. போல்ட் கழற்றும் ஸ்பேனர் என் பையில் மட்டும்தான் இருக்கும்.