ஏகாதசியன்று மட்டும் அடங்கிய வயிறு

மாதக்கணக்கில் வயிற்று உப்புசம், நீர்த்த பேதி. அமீபாவுக்கான மாத்திரை, மோர் சாதம், பாலை நிறுத்துவது என எதுவும் பலிக்கவில்லை; பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பியிலும் குறையில்லை. அறிக்கையை மட்டும் பார்த்து மருந்து எழுதியவர்களை விட்டு, மதுரையில் வேறொரு குடல் நோய் மருத்துவரிடம் போனேன். அவர் கோப்பைத் திறக்கவே இல்லை. "இரவில் எழுப்புகிறதா? விரத நாளில் நிற்கிறதா?" என்று கேட்டார். ஏகாதசியன்று நிற்கும் என்றேன். அப்படியானால் உள்ளே போகும் ஏதோ ஒன்றுதான் குடலுக்குள் நீரை இழுக்கிறது என்றவர், வாயில் போடும் எல்லாவற்றையும் பொறுமையாக விசாரித்தார். வெற்றிலையை விடுவதற்காக நாள் முழுவதும் மென்ற சர்க்கரையில்லாத சூயிங்கம்மில் அகப்பட்டது, சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் இனிப்பூட்டியான சார்பிட்டால். உறையில் 420 என்ற எண்ணில் ஒளிந்திருக்கும், பொருத்தமான எண்தான்! சூயிங்கம்மை நிறுத்திய வாரமே பேதி நின்றது. சில இருமல் சிரப்புகளிலும் அது உண்டு.