ஒரே முகவரியால் திரும்பி வந்த விவாகரத்து மனு

எங்கள் பரஸ்பர சம்மத விவாகரத்து மனு இரண்டு முறை திரும்பி வந்தது. இருவருக்கும் ஒரே முகவரி, ஓராண்டு பிரிந்து வாழ்ந்தது எப்படி என்று கேள்வி. நான் மாடியில், அவர் கீழே, அடுப்பு தனித்தனி.

ஆதாரில் முகவரியை மாற்றினேன். கடந்துபோன ஓராண்டுக்கு அது உதவவில்லை. பழைய தேதியில் வாடகை ஒப்பந்தம் போடலாம் என்றார் ஒரு வக்கீல். பொய்ச் சான்று வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டேன்.

அப்புறம் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போனேன். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12-ஆம் பிரிவுப்படி பெண்களுக்கு வருமான வரம்பில்லாமல் வக்கீல் இலவசம். கிடைத்த வக்கீல் மனுவில் ஒரு பத்தி சேர்த்தார்: ஒரே கூரையின்கீழ் இருந்தாலும் கணவன் மனைவியாக வாழாவிட்டால் அது பிரிந்து வாழ்வதே, 1991-இல் சுரேஷ்டா தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கூடவே தனி அடுப்புக்குச் சான்றாக என் 5 கிலோ சிலிண்டர் ரசீதுகள். மூன்றாம் முறை மனுவுக்கு நம்பர் ஆகிவிட்டது, அதாவது நீதிமன்றம் அதைக் கோப்பில் ஏற்றுக்கொண்டது.