குடும்ப வன்முறையைத் தடுக்கும் வேலைக்கு ஊருக்குள் நிதி திரட்டுவது எப்படி?

புதுக்கோட்டை மாவட்டம் ஆலங்குடி, கீரமங்கலம் பக்கத்துக் கிராமங்களில் குடும்ப வன்முறை, பாலியல் வன்முறைத் தடுப்பு வேலை செய்கிற ஒரு சிறிய அறக்கட்டளையில் கணக்கும் திட்ட அறிக்கையும் எழுதுவது என் பொறுப்பு. "இதுக்கெல்லாம் யாருக்கா பணம் தருவா?" என்று பக்கத்து ஊர்க் குழுப் பெண்கள் அடிக்கடி கேட்கிறார்கள். தருவார்கள். எதற்குக் கேட்கிறோம் என்பது தெளிவாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அடி விழுந்த பிறகு போவதற்கு இடம் இருக்கிறது. 181 என்ற பெண்கள் உதவி எண் இருக்கிறது, மாவட்டத் தலைநகரில் ஒருங்கிணைந்த சேவை மையம் இருக்கிறது, 2005 குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார், இலவச வழக்கறிஞருக்கு மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. இவற்றுக்கு அரசுப் பணம் வருகிறது. ஆனால் 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் மணமான பெண்களில் ஏறத்தாழ 38 சதவீதம் பேர் கணவரிடம் வன்முறையைச் சந்தித்திருக்கிறார்கள். அந்த வீடுகளுக்குள் முதல் சத்தம் கேட்கும்போதே போய் நிற்கிற ஆள் பக்கத்துத் தெருப் பெண்தான். அவருக்குத்தான் யாரும் ஒரு ரூபாய் தருவதில்லை. நீங்கள் திரட்டப் போவது அவருக்கான பணம்.

அதனால் மார்ச் 8 மகளிர் தினத்துக்கு ஃப்ளெக்ஸ், மைக் செட், சிறப்பு விருந்தினருக்குச் சால்வை என்று பட்ஜெட் போடாதீர்கள். அப்படிக் கேட்டால் சீக்கிரம் கிடைக்கும், உண்மைதான். மறுநாள் பந்தலைப் பிரித்ததும் அந்த வேலை முடிந்துபோகும். ஐந்து குக்கிராமங்களுக்கு ஓராண்டுக்கு நாங்கள் போடுகிற மாதிரிக் கணக்கைச் சொல்கிறேன். ஊருக்கு இருவராகப் பத்துப் பெண்களுக்கு மாதம் 2,500 ரூபாய் மதிப்பூதியம்: 3,00,000. முழுநேர ஒருங்கிணைப்பாளர் ஒருவர், மாதம் 15,000: 1,80,000. போக்குவரத்து 60,000. மாதக் கூட்டத்துக்கு டீ, சாப்பாடு 18,000. பயிற்சி 40,000. ஆண்களோடும் இளவட்டங்களோடும் கூட்டம் நடத்த 36,000. அவசர நிதி 60,000. ஆடிட்டருக்கு 20,000. மொத்தம் 7,14,000.

இதில் இரண்டு வரிகளை நிதி தருபவர்கள் வெட்டப் பார்ப்பார்கள். ஒன்று போக்குவரத்து. "டவுன் பஸ்ல லேடீஸுக்கு டிக்கெட் இல்லையே மேடம்?" என்பார்கள். பஸ் மெயின் ரோட்டோடு நின்றுவிடும் சார், உள்ளே மூன்று கிலோமீட்டர் ஆட்டோதான், ராத்திரி ஒன்பதுக்கு மேல் அதுவும் கேட்ட காசுக்கு வராது என்று எழுதிக் கொடுங்கள். இன்னொன்று அவசர நிதி. கைக்குழந்தையோடு உடுத்திய சேலையில் வெளியே வந்த பெண்ணுக்கு ஜி.எச். வரை ஆட்டோ, பால் பாக்கெட், ஒரு நைட்டி, போன் ரீசார்ஜ். இந்தச் செலவு எந்தத் திட்டத் தலைப்பிலும் அடங்காது. வவுச்சரில் பெயர் எழுதாதீர்கள், குறியீட்டு எண் போடுங்கள். பெயரும் எண்ணும் சேர்ந்த நோட்டு ஒருவரிடம் மட்டும், பூட்டிய பெட்டியில் இருக்கட்டும். ஆடிட்டரிடம் இதை முன்கூட்டியே சொல்லி, எழுத்தில் ஒப்புதல் வாங்கிவிடுங்கள்.

பயிற்சிச் செலவைக் குறைக்க வழி உண்டு. நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு ஒரு மனு கொடுத்தால் வழக்கறிஞர்களை முகாமுக்கு அனுப்புவார்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப் பாடத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். குழந்தைக்கு நடந்தது தெரிந்தும் புகார் கொடுக்காமல் இருப்பதே குற்றம் என்பது நம் பெண்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இனி யாரிடம் கேட்பது? பெரிய தொகைக்கு நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி. 2013 கம்பெனிச் சட்டம் 135-ஆம் பிரிவின் கீழ், ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் நிகர லாபம் பார்க்கும் கம்பெனிகூட முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் செலவிட்டாக வேண்டும். ஆகவே பெரிய பெயர்களுக்குப் பின்னால் ஓடாமல், உங்கள் மாவட்டத்து மில்லையும் தொழிற்சாலையையும் பாருங்கள். இந்த நிதியை எதற்கெல்லாம் செலவிடலாம் என்று சொல்லும் அந்தச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையிலேயே பாலின சமத்துவம் இருக்கிறது, அதை மனுவின் முதல் பத்தியில் எழுதுங்கள். உங்களிடம் வருமான வரித் துறையின் 12ஏ, 80ஜி பதிவுகள், இந்தச் சமூகப் பொறுப்பு நிதியைப் பெறுவதற்கான சி.எஸ்.ஆர்-1 பதிவு எண், மூன்றாண்டு அனுபவம் வேண்டும். இல்லையென்றால் இவை உள்ள ஓர் அறக்கட்டளையோடு ஒப்பந்தம் போட்டு வேலை செய்யலாம். வெளிநாட்டு நிதியில் இது நடக்காது. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் வந்த 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணத்தை இன்னொரு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கத் தடை.

மிக முக்கியமாக, 'தொடர் திட்டம்' என்று கேளுங்கள். தொடங்கிய ஆண்டு போக மேலும் மூன்று ஆண்டுவரை நடத்த விதி இடம் கொடுக்கிறது. ஓராண்டுப் பணத்தில் ஒரு தெருவின் பேச்சு மாறாது. உகாண்டாவின் கம்பாலாவில் ஊர்க்காரர்களையே வைத்து நடத்திய 'சாசா' திட்டம் பலன் காட்டவே சில ஆண்டுகள் பிடித்தன. 2014-இல் வந்த ஆய்வில், திட்டம் நடந்த பகுதிகளில் துணைவரின் உடல் வன்முறை மற்ற பகுதிகளைவிடப் பாதியளவு குறைவாக இருந்தது. நிதி அதிகாரிகள் இப்படி ஒரு சான்றைக் கேட்பார்கள், கையில் வைத்திருங்கள்.

ஊராட்சியிடம் ரொக்கம் எதிர்பார்க்க வேண்டாம். கிராம சபையில் தீர்மானமாக வைத்தால் தெருவிளக்கு எரியும், கூட்டம் போட ஓர் அறை கிடைக்கும், பெண்கள் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் வரும். 'பெண்களுக்கு உகந்த ஊராட்சி' என்பது ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தின் ஒன்பது கருப்பொருள்களில் ஒன்று. தலைவர் இருந்தாலும் தனி அலுவலர் இருந்தாலும் அதைச் சொல்லிக் கேளுங்கள். தீர்மான நகலை வாங்கிக் கம்பெனி மனுவோடு இணைத்தால், ஊர் உங்களோடு நிற்கிறது என்பதற்கு அதுவே அத்தாட்சி.

ஊருக்குள்ளும் வசூல் செய்யுங்கள், ஆனால் கவனமாக. எங்கள் பக்கம் ஆடி மாதம் மொய் விருந்து நடக்கும். போட்ட பணம் திரும்பி வர வேண்டும் என்பது எல்லோர் மனதிலும் ஊறிய கணக்கு. ஐயாயிரம் கொடுத்த பெரிய மனுஷர் ஆறு மாதம் கழித்து, "நம்ம பய விஷயம், கொஞ்சம் பேசி முடிச்சு விடும்மா" என்று வந்து நிற்பார். அதனால் ஆளுக்கு நூறு ரூபாய்க்கு மேல் வாங்குவதில்லை என்று குழுவில் தீர்மானம் எழுதி, யார் வந்தாலும் அந்த நோட்டைக் காட்டுங்கள். நானூறு வீட்டில் நூறு நூறாக வந்தாலே பயிற்சிச் செலவு நின்றுவிடும். அதைவிட, எந்த வீட்டுக்கும் நாம் கடன்பட்டிருக்க மாட்டோம்.

அறிக்கை எழுதும்போது ஒன்றில் உறுதியாக இருங்கள். பயனாளி போட்டோ, வீடியோ பேட்டி கேட்டால் முடியாது என்று சொல்லுங்கள். பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆம் பிரிவுப்படி தண்டனைக்குரியது. இந்த வரியை ஒப்பந்தத்திலேயே சேர்த்துவிட்டால் பிறகு சங்கடமில்லை.

வன்முறையை இத்தனை சதவீதம் குறைப்போம் என்றும் எழுதிக் கொடுக்காதீர்கள். வேலை சரியாக நடந்தால் முதல் ஆண்டில் புகார்கள் கூடும். இதுவரை பேசாதவர்கள் பேசத் தொடங்குவதால் வரும் ஏற்றம் அது. இதை மனு கொடுக்கும்போதே எழுத்தில் சொல்லிவிடுங்கள். அதற்குப் பதில் எண்ணக்கூடியதைக் கொடுங்கள்: அக்கம்பக்கத்தார் தாங்களாகவே போய்த் தடுத்தது எத்தனை முறை, முதல் அடியிலேயே வந்து பேசிய பெண்கள் எத்தனை பேர், ஆண்கள் கூட்டத்துக்கு இரண்டாம் முறையும் வந்தவர்கள் எத்தனை பேர். குழுப் பெண்கள் மாதக் கூட்டத்தில் வாயால் சொல்வதை ஒருங்கிணைப்பாளர் அப்போதே நோட்டில் குறித்துக்கொண்டால் போதும், தனியாகப் படிவம் வேண்டாம்.